பேட்டைக்காரர் மஞ்சேரி எம்.பி. ஆன கதை: காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும், ஜூன் மாதம் மேடையேறும் பேச்சாளர்களும், பேட்டையில் பிறந்து வளர்ந்தும் விவரம் தெரியாதவர்களும் மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்கிற வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சில கேள்விகள் அப்படி விடுவதில்லை.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முகம்மது இஸ்மாயில். பிறந்தது 1896 ஜூன் 5, திருநெல்வேலி பேட்டையில். அரசமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர், சென்னை மாகாண சட்டசபையின் எதிர்க்கட்சித் தலைவர், மாநிலங்களவை உறுப்பினர், மூன்று முறை மக்களவை உறுப்பினர். இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் முதல் தலைவர். 1972 ஏப்ரல் 5-ல் சென்னையில் காலமானார். அப்போதும் அவர் எம்.பி.தான். காயிதே மில்லத் என்பது மக்கள் கொடுத்த பட்டம். மேடையில் அதற்கு முன்னால் ‘கண்ணியமிகு’ என்று ஒரு சொல் சேர்க்காமல் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை.

பேட்டை என்றால் எந்தப் பேட்டை? ரயிலில் வரலாமா?

வரலாம். திருநெல்வேலி – தென்காசி பாதையில் பேட்டைக்கென்றே ஸ்டேஷன் இருக்கிறது. பஸ் என்றால் ஜங்ஷனிலிருந்து டவுன் வழியாக மேற்கே போக வேண்டும். ம.தி.தா. இந்துக் கல்லூரி இருக்கும் பேட்டை என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும்.

சுதந்திரப் போராட்டத்தில் இவருக்குப் பங்கு உண்டா? லீக்காரர் ஆயிற்றே?

உண்டு. 1920-ல் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கியபோது இவர் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். திருச்சி செயின்ட் ஜோசப், சென்னை கிறித்துவக் கல்லூரி என்று படித்து வந்தவர், பட்டம் கைக்கு வரும் நேரத்தில் படிப்பை விட்டுவிட்டார். அப்புறம் தோல் வியாபாரம். சென்னை வர்த்தகர்களிடையே நல்ல பெயர் எடுத்த பிறகுதான் முழுநேர அரசியல். லீக் என்றாலே முதல் நாளிலிருந்து காங்கிரசுக்கு எதிர்முனை என்று இன்று நினைக்கிறோம். 1920-ல் முஸ்லிம்களின் கிலாபத் இயக்கமும் காந்தியின் ஒத்துழையாமையும் ஒரே மேடையில் நடந்தன.

நாடு பிரிந்த பிறகு இந்தியாவில் முஸ்லிம் லீக் எப்படி நீடித்தது?

1947 டிசம்பரில் அகில இந்திய முஸ்லிம் லீகின் கவுன்சில் கராச்சியில் கடைசியாகக் கூடியது. கட்சியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக இஸ்மாயில் சாகிப் அறிவிக்கப்பட்டார். 1948 மார்ச் 10-ல் சென்னையில், இன்று ராஜாஜி மண்டபம் என்று அழைக்கப்படும் கட்டடத்தில் கூட்டம் கூட்டினார். கட்சி வேண்டாம், கலைத்துவிடுவோம் என்று சொன்னவர்கள் வெளியில் மட்டும் இல்லை, லீகுக்குள்ளேயும் இருந்தார்கள். வடநாட்டில் பல இடங்களில் அமைப்பு கரைந்தே போனது. சென்னை மாகாணத்தில் மட்டும் அது உயிரோடு நின்றதற்கு இவருடைய பிடிவாதம் ஒரு காரணம், இன்றைய வடகேரளமான மலபார் இன்னொரு காரணம். இந்த மலபார் விஷயத்தை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

எதிர்க்கட்சித் தலைவராகவும் நிர்ணய சபை உறுப்பினராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா?

அப்போது முடியும். நிர்ணய சபைக்கு மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. மாகாண சட்டசபை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1946 தேர்தலில் சென்னை சட்டசபையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாக லீக் வந்தது. அதனால் பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜா என்று மூன்று முதல்வர்களுக்கு எதிரே இவர் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். 1948-ல் நிர்ணய சபைக்கும் போனார்.

நிர்ணய சபையில் என்ன செய்தார்? ‘சரித்திரப் புகழ் பெற்ற உரை’ என்கிறார்களே தவிர, யாரும் விவரம் சொல்வதில்லையே?

நியாயமான குறை. ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 1948 நவம்பர் 23. அன்று விவாதத்தில் இருந்தது வரைவின் 35-வது பிரிவு, நாடு முழுவதற்கும் ஒரே உரிமையியல் சட்டம் (பொது சிவில் சட்டம்) கொண்டுவர அரசு முயல வேண்டும் என்பது. இன்று அதே பிரிவுக்கு எண் 44.

இஸ்மாயில் சாகிப் எழுந்து ஒரு திருத்தம் முன்மொழிந்தார். திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் ஒரு சமூகத்துக்கென்று தனிச் சட்டம் இருக்குமானால், அதை விட்டுவிடும்படி அந்தச் சமூகத்தைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். பேச்சில் உணர்ச்சி வசனம் இல்லை. வக்கீல் மாதிரி முன்னுதாரணம் எடுத்து வைக்கிறார். அதுவும் எங்கிருந்து? யூகோஸ்லாவியாவிலிருந்து! செர்பியர், குரோஷியர், ஸ்லோவேனியர் சேர்ந்த அந்த ராஜ்ஜியம், முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்தை மதிப்பதாக உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறதே, ஐரோப்பாவிலேயே முடிகிறபோது இங்கே ஏன் முடியாது என்று கேட்கிறார். பி.ஏ.வைப் பாதியில் விட்ட பேட்டைக்காரர் பால்கன் உடன்படிக்கைகளைப் படித்துவிட்டு டெல்லிக்குப் போயிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அவரோடு போக்கர் சாகிப், மகபூப் அலி பெய்க் போன்றோரும் திருத்தங்கள் கொடுத்தார்கள். கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் மறுத்துப் பேசினார்கள். கடைசியில் அம்பேத்கர். எல்லா முஸ்லிம்களுக்கும் எப்போதும் ஒரே சட்டம்தான் இருந்தது என்ற வாதத்தையே அவர் உடைத்தார். வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் 1935 வரை வாரிசுரிமை போன்றவற்றுக்கு இந்துச் சட்டமே நடைமுறையில் இருந்தது, வடக்கு மலபாரில் மருமக்கத்தாயம் என்ற தாய்வழி வாரிசுமுறை முஸ்லிம்களுக்கும் பொருந்தியது என்று உதாரணம் காட்டினார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. எதிர்கால நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தால், முதல் கட்டத்தில் விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் பொருந்தும்படி வைக்கலாம் என்றும் சொன்னார். பொது சிவில் சட்டம் பற்றி இன்று பேசுகிற இரண்டு தரப்பும் அம்பேத்கரை மேற்கோள் காட்டுவதன் ரகசியம் இதுதான். ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு பாதிகளையும் அம்பேத்கர் வாயிலிருந்து வரவழைத்த கேள்விகளில் ஒன்று இஸ்மாயில் சாகிப் கேட்டது.

திருத்தம் தோற்றது. தோற்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும், சபையில் தலை எண்ணத் தெரியாதவரா என்ன. அவர் சட்டமன்ற வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படித்தான்: எண்ணிக்கை இல்லை, ஆனாலும் எழுந்து நிற்பார், முறைப்படி முன்மொழிவார், காரணம் சொல்வார், தோற்பார், உட்காருவார். பதிவேட்டில் இருக்கும்.

தனித் தொகுதி கேட்டாரே, அது சரியா?

1949 மே மாத விவாதத்தைச் சொல்கிறீர்கள். 1909 முதல் முஸ்லிம் உறுப்பினர்களை முஸ்லிம் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முறை இருந்தது. சர்தார் படேல் தலைமையிலான குழு அதை நீக்கியதோடு, மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இரண்டும் நீடிக்க வேண்டும் என்று இவர் திருத்தம் கொண்டுவந்தார். பிரிவினையின் ரணம் ஆறாத நேரம். படேல் கடுமையாகவே பதில் சொன்னார். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பேகம் ஐசாஸ் ரசூல் போன்றவர்கள் ஒதுக்கீடு தேவையில்லை என்றார்கள். திருத்தம் விழுந்தது.

என் கருத்தைக் கேட்டால், அந்த விஷயத்தில் பேகம் ஐசாஸ் ரசூல் பக்கம்தான் நியாயம். தனித்தனியாக வாக்களிக்கும் இரண்டு கூட்டங்களை வைத்துக்கொண்டு ஒரு நாட்டை நடத்துவது கஷ்டம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தோற்ற பிறகு அவர் சபையைப் புறக்கணிக்கவில்லை, அரசமைப்பை ஏற்க மாட்டேன் என்று தெருவில் இறங்கவில்லை. தான் எதிர்த்த விதிகளின்படியே தேர்தலில் நின்றார், அந்த விதிகளின்படியே ஜெயித்தார். மஞ்சேரி கதை அங்கேதான் தொடங்குகிறது.

தமிழை ஆட்சிமொழி ஆக்கச் சொன்னாரா?

மேடைகளில் அப்படித்தான் சொல்வார்கள், கைதட்டலும் கிடைக்கும். 1949 செப்டம்பர் மொழி விவாதத்தில் அவர் வைத்த வாதம் இன்னும் கொஞ்சம் நுட்பமானது. ஒரு மொழிக்குப் பழமையைக் காரணம் காட்டி உயர்வு கேட்பதானால், இந்த மண்ணில் பேசப்படும் மொழிகளில் திராவிட மொழிகளே பழமையானவை, அவற்றிலும் தமிழ் மூத்தது, இலக்கிய வளம் மிக்கது, அது என் தாய்மொழி, அதில் எனக்குப் பெருமை என்றார். முஸ்லிம் லீகின் தலைவர் டெல்லியில் எழுந்து உருதுவை அல்ல, தமிழைத் தாய்மொழி என்று உரக்கச் சொன்னது அன்றைக்குப் பலருக்குப் புதிதாக இருந்திருக்கும். பேட்டை, மேலப்பாளையம், காயல்பட்டினம் பக்கம் அதில் புதுமை ஒன்றுமில்லை.

அந்த விவாதத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும். தேவநாகரி எழுத்தில் இந்தி ஆட்சிமொழி, ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகளுக்குத் தொடரும். அந்தப் பதினைந்து ஆண்டு முடிந்த 1965-ல் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாநிலங்களவைக்கு எப்படிப் போனார்?

1952-ல் மாநிலங்களவை முதன்முதலாக அமைந்தபோது சென்னை மாநிலத்திலிருந்து. மாநிலங்களவையில் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓய்வுபெற வேண்டும் அல்லவா? அதற்காக முதன்முதலில் வந்த உறுப்பினர்களின் பதவிக்காலத்தை 1954, 1956, 1958 என்று மூன்றாகப் பிரித்தார்கள். இவருக்கு முழு ஆறு ஆண்டு, 1958 வரை. சென்னை சட்டசபையில் அப்போது லீகின் சொந்த உறுப்பினர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிற உறுப்பினர்களின் வாக்கும் சேராமல் அந்த இடம் வந்திருக்காது.

நெல்லைக்காரர் ஏன் கேரளத்து மஞ்சேரியில் நின்றார்? இங்கே நின்றிருக்கலாமே?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். கேட்கும் குரலில் கொஞ்சம் மனத்தாங்கலும் இருக்கும்.

முதலில் சட்டம். மக்களவைக்கு நிற்பவர் இந்தியாவில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். சென்னையில் வாக்கு வைத்துக்கொண்டு கேரளத்தில் நிற்கத் தடை இல்லை.

இரண்டாவது, மலபார் அவருக்கு வெளியூர் இல்லை. 1956 நவம்பர் 1 வரை மலபார், நம் திருநெல்வேலியைப் போலவே சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம். மாகாண லீகின் தலைவர் என்ற முறையில் கோழிக்கோடும் ஏறநாடும் அவர் பொறுப்பில் இருந்த பகுதிகள். மாநில எல்லை மாறிவிட்டது, மக்கள் மாறவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம், அதாவது கணக்கு. தனி வாக்காளர் முறை போன பிறகு, ஒரு சின்னக் கட்சி ஜெயிக்க வேண்டுமானால் அதன் ஆதரவாளர்கள் ஒரே இடத்தில் நெருக்கமாக வாழ வேண்டும். நெல்லையில் முஸ்லிம்கள் பேட்டை, மேலப்பாளையம், கடையநல்லூர், தென்காசி, காயல்பட்டினம் என்று சிதறி இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் செல்வாக்கு உண்டு, ஆனால் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் பெரும்பான்மை கிடையாது. 1952, 1957 இரண்டு தேர்தலிலும் திருநெல்வேலியில் காங்கிரசின் தாணு பிள்ளை ஜெயித்தார். அன்றைய காங்கிரஸ் அலையில் இங்கே லீகுக்கு வாய்ப்பு இல்லை. மலபாரில் மஞ்சேரி இருக்கும் ஏறநாட்டுப் பகுதியில் நிலைமையே வேறு. அங்கே மாப்பிள்ளை முஸ்லிம்களே பெரும்பான்மை. 1957-ல் மஞ்சேரியில் போக்கர் சாகிப் ஜெயித்தார். 1962-ல் அதே தொகுதியை இஸ்மாயில் சாகிப் ஏற்றுக்கொண்டார்.

1962-ல் கேரளத்திலிருந்து லீகுக்கு இரண்டு எம்.பி.க்கள்: மஞ்சேரியில் இவர், கோழிக்கோட்டில் சி.எச். முகம்மது கோயா. 1967-லும் மஞ்சேரியில் இவரே, கோழிக்கோட்டில் இப்ராகிம் சுலைமான் சேட். 1971-ல் இவர்கள் இருவரும் மறுபடி வர, தமிழ்நாட்டில் பெரியகுளத்திலும் லீக் ஜெயித்தது. ஆக, தமிழ்நாட்டில் இடமே கிடையாது என்பதில்லை. கூட்டணி பலம் இருந்தால் கிடைக்கும் என்று ஆனது.

பிரச்சாரத்துக்கே போகமாட்டார், வேட்புமனுவைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார் என்பது நிஜமா?

மலபாரிலும் சொல்வார்கள், இங்கேயும் சொல்வார்கள். சொல்லச் சொல்லக் கொஞ்சம் வளர்ந்த கதை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நிச்சயம். ஊரூராக அலைந்து ஓட்டுக் கேட்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. அந்த வேலையைக் கோயாவும் உள்ளூர்த் தலைவர்களும் பார்த்துக்கொண்டார்கள். இவர் கட்சி முழுவதற்கும் தலைவர். சென்னை குரோம்பேட்டையில் வீடு, டெல்லியில் சபை, நடுவில் ரயில்.

தொகுதிக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். 1967-ல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைத்த ஏழு கட்சி அரசில் லீகும் சேர்ந்தது. கோயா கல்வி அமைச்சரானார். 1969 ஜூன் 16-ல் மலப்புரம் தனி மாவட்டமானது. இதெல்லாம் மாநிலத்தில் நடந்தது, இவர் ஒருவர் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் கம்யூனிஸ்டுகளோடு ஒரு மத அடையாளக் கட்சி மந்திரிசபையில் உட்காரலாம் என்று முடிவெடுத்த காலத்தில் அகில இந்தியத் தலைவர் இவர்தான்.

சீனப் போரின்போது மகனைத் தருகிறேன் என்றாரா?

ஆம். 1962-ல் எல்லையில் போர் மூண்டபோது, தன் மகனைப் படைக்கு அனுப்பத் தயார் என்று நேருவுக்குத் தெரிவித்தார். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் தவறாமல் வரும் சம்பவம்.

அண்ணாவோடு என்ன உறவு?

1967 தேர்தலில் காங்கிரசுக்கு எதிராகத் தி.மு.க. அமைத்த கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக் எல்லாம் இருந்தன. ராஜாஜியும் இஸ்மாயில் சாகிப்பும் ஒரே அணியில் என்பது இன்று சாதாரணமாகத் தெரியும். 1946-ல் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்தத் தேர்தலில் அண்ணா ஆட்சிக்கு வந்தார். தமிழ்நாட்டு லீக் தி.மு.க.வோடு நெருங்கியதன் வேர் அங்கேதான்.

தேர்வுக்கு மனப்பாடம் செய்ய ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

1948 நிர்ணய சபை; 1952–58 மாநிலங்களவை, சென்னை மாநிலம்; 1962, 1967, 1971 மக்களவை, மஞ்சேரி, கேரளம். 1967-ல் அமைந்த மக்களவை 1970 டிசம்பரிலேயே கலைக்கப்பட்டது, அதனால்தான் அடுத்தது 1972 இல்லாமல் 1971. இதைத் தேர்வில் மாற்றி எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடுபவர்கள் உண்டு.

நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு இவர் பெயர் எப்படி வந்தது, எப்படிப் போனது?

1991-ல் தஞ்சாவூரிலிருந்து பிரித்தபோது ‘நாகை காயிதே மில்லத் மாவட்டம்’ என்று பெயர். நம் ஊர் அப்போது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், பழைய ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டியதை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. உடனே அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும், போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. யாரோ போட்ட சண்டையில் இவர் பெயரும் போனது. சென்னையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரியும் மணிமண்டபமும் இருக்கின்றன. 1996-ல் நூற்றாண்டு வந்தபோது அஞ்சல் தலை வெளியானது. அடக்கம் செய்யப்பட்ட இடம் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல்.

நெல்லைச் சீமையில் இவரைவிட அதிக காலம் எம்.பி.யாக இருந்தவர்கள் உண்டா?

தொடர்ச்சியாக என்றால் தென்காசி எம். அருணாசலம். 1977 முதல் 1996 வரை ஆறு தேர்தல், ஆறிலும் வெற்றி. கடைசி முறை மட்டும் தமிழ் மாநில காங்கிரஸ். திருநெல்வேலியில் கடம்பூர் ஜனார்த்தனன் நான்கு முறை. கலிங்கப்பட்டி வைகோ மாநிலங்களவையில் 1978 முதல் 1996 வரை, அப்புறம் சிவகாசியிலிருந்து இரண்டு முறை மக்களவை, மறுபடி 2019 முதல் 2025 வரை மாநிலங்களவை. ஆண்டுக் கணக்கில் இவர்கள் போட்டிக்கு வருவார்கள். அரசமைப்பை எழுதிய சபையிலேயே உட்கார்ந்து திருத்தம் கொடுத்தவர் என்ற கணக்கில் வரமாட்டார்கள்.

அவர் பேச்சுகளை முழுசாகப் படிக்க வழி உண்டா?

உண்டு. நிர்ணய சபை விவாதங்கள் அச்சிலும் இணையத்திலும் இருக்கின்றன. தனிச்சட்டப் பேச்சு ஏழாம் தொகுதி, தனித் தொகுதி விவாதம் எட்டாம் தொகுதி, மொழி விவாதம் ஒன்பதாம் தொகுதி. ஆங்கிலம்தான், ஆனால் கடினமான ஆங்கிலம் இல்லை. இவருடையதை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். பதில் சொன்னவர்களையும் படியுங்கள், அப்போதுதான் ருசி.

இவருக்குப் பிறகு மஞ்சேரி என்ன ஆனது?

1973 இடைத்தேர்தலில் சி.எச். முகம்மது கோயா ஜெயித்தார். பின்னாளில் அவர் கேரள முதல்வரும் ஆனார். 1977 முதல் சுலைமான் சேட், 1991 முதல் இ. அகமது என்று தொகுதி லீகின் கையிலேயே இருந்தது. 2004-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ஹம்சா அதைப் பறித்தார். கேரளமே பேசிய தோல்வி அது. தொகுதி மறுவரையறைக்குப் பிறகு வந்த 2009 தேர்தலில் மஞ்சேரி என்ற பெயரே போய் மலப்புரம் ஆனது. அந்தத் தேர்தலில் அகமது திரும்ப ஜெயித்தார். அன்றிலிருந்து 2024 வரை அங்கே லீகைத் தவிர வேறு யாரும் ஜெயிக்கவில்லை.